வியாசர்பாடியில பாண் கீறின கதை

2022 ஆடியில கொழும்பில இருந்து வந்து சென்னை வியாசர்பாடியில இறங்கினனான், மச்சான் பிடிச்சுத் தந்த ஒரு அறை, கீழ இட்லிக்கடை. முதல் ரெண்டு கிழமையும் எனக்கு ஒரே வேலைதான், விலையைக் கேட்கிறது, இங்கத்த 1 ரூபாய்க்கு எங்கட நாலரை எண்டு மனசுக்குள்ள பெருக்கிறது, பிறகு பேசாமல் திரும்பி வாறது.

ஒருநாள் கடை அக்கா கேட்டா, "இன்னாபா ஆச்சு உங்க ஊர்ல, பெட்ரோலுக்கு அம்மா நீட்டு கியூ காட்றான் டிவில?" நான் அந்நியச் செலாவணி, பணவீக்கம் எண்டு தொடங்க அக்கா சட்னி வாளியோட அடுத்த ஆளிட்ட போயிட்டா. பேப்பரில அந்தச் சொல்லுகள் வந்தா நானும் தாண்டிப் போறவன்தானே.

அதால படமாக் கீறினன், சின்னனில இருந்தே காமிக்ஸ் பைத்தியம். முதல் கீறினதில காசு அச்சடிக்கிற மெஷினோட ஒரு குண்டன். அக்கா பாத்திட்டு, "இவன புடிச்சி உள்ள போட்டா சரியாப் பூடுமா?" எண்டா. இதுதான் காமிக்ஸில வில்லங்கம், வில்லன் ஒருத்தன் வந்திட்டால் சனம் வேற ஒண்டையும் பாக்காது. குண்டனை அழிச்சுப்போட்டு ஒரு சாடி கீறினன், அதுக்குள்ள டொலர். 2019 குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, வெள்ளைக்காரர் வரேல்ல, போடுறதுக்கு ஆள் இல்லை, ஆனா பெட்ரோல் கப்பலும் கடன்காரனும் எடுத்துக்கொண்டே இருக்கினம். அடுத்த கட்டத்தில 2022 மார்ச், மத்திய வங்கி ரூபாயை இழுத்துக் கட்டியிருந்த கயிறு அறுகுது, 200க்கு நிண்ட டொலர் மே மாசம் 360.

பர்மாவில இருந்து வந்த, அத்தோ எண்ட பர்மா நூடுல்ஸ் விக்கிற கடைத் தாத்தா வாங்கிப் பாத்திட்டு, "ஒங்களுக்கு சாடி காலி, எங்களுக்கு சாடில இருந்ததே செல்லாதுன்னுட்டான்" எண்டார். 1964இல அங்க 50, 100 கியாட் நோட்டு செல்லாமல் போனபோது அவர் சின்னப் பெடியனாம். அதைத் தனியாக் கீறவேணும்.

செப்டம்பரில கொழும்பில பணவீக்கம், அதாவது ஒரு வருஷத்தில விலை ஏறின அளவு, கிட்டத்தட்ட 70 வீதம். அதுக்கு மூண்டு கட்டம், மூண்டிலயும் ஒரே பாண், விலைப் பலகை மட்டும் மாறும். ரெண்டு கட்டத்துக்கு நடுவில இருக்கிற வெள்ளைக் கோட்டுக்குள்ளதான் விலை ஏறுது, ஒருத்தரும் பாக்காத நேரத்தில. எனக்கு நல்ல பெருமை.

"பாண்னா இன்னா?"

"பிரெட் அக்கா."

"தப்பா வரைஞ்சிக்கீற. நானு வெலய ஏத்துனா ஆட்டோக்காரங்க எதிர்க்கடைக்குப் பூடுவாங்கோ, நா இன்னா லூசா?" பென்சிலைப் பறிச்சு பின்பக்கத்தில நாலு இட்லி கீறினா, நாலுக்கும் ஒரே விலை. நாலாவது ஒரு பொட்டளவு.