பொல்கொட ஏரியில் கிடக்கும் படகுக்கு சிங்க்கா, அலுமினியமா? இதுவரை செய்து பார்த்தது

அரிப்பிலிருந்து காக்க என்ஜினில் பூட்டியிருக்கும் சிங்க் கட்டி, அதாவது அனோட்டு, வருடக்கணக்காகக் கரையாமல் இருந்தால் அது நல்ல அடையாளம் இல்லை. கைமாறி என்னிடம் வந்த பைபர் படகின் அவுட்போர்ட் என்ஜினைக் கரையில் தூக்கிப் பார்த்தபோது, தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அதன் காலில் பெயின்ட் கொப்பளித்து, சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்ந்து, அடியில் அலுமினியம் குழி குழியாக அரித்துப் போயிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, பழைய சொந்தக்காரர் போட்ட சிங்க் அனோட்டு அச்சில் வார்த்த எழுத்துக்கூட அழியாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் அண்ணை, "இது இன்னும் புதுசு மாதிரி இருக்குது தம்பி, ஏன் மாத்துறீங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அனோட்டின் வேலையே கரைவதுதான். உப்புத் தண்ணீருக்குள் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் அவற்றுக்கிடையே மின்னோட்டம் ஓடும், வோல்ட் அதிகம் மைனஸாக இருக்கிற உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். கடல் நீரில் வெள்ளி-வெள்ளிக் குளோரைட்டு மின்வாயை ஒப்பிடும் புள்ளியாக வைத்து அளந்தால் துருப்பிடிக்காத உருக்கு விசிறி (புரொப்பெல்லர்) பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கும், என்ஜின் காலின் அலுமினியம் ஏறத்தாழ மைனஸ் 0.75 முதல் 0.90 வோல்ட், சிங்க் மைனஸ் 1.03. விசிறியையும் காலையும் மட்டும் விட்டால் கால்தான் கரையும். சிங்க்கைச் சேர்த்தால் கரைகிற முறை அதனுடையதாகிவிடும், ஆனால் சிங்க்கின் மேற்பரப்பு உயிரோடு இருக்க வேண்டும்.

இங்கேதான் தண்ணீர் முக்கியமாகிறது. கொழும்புக்குத் தெற்கே இருக்கும் பொல்கொட ஏரி பாணந்துறைப் பக்கம் கடலோடு சேருகிறது, மொறட்டுவை, பிலியந்தலைப் பக்கம் போகப் போக உப்புக் குறைந்துவிடும். அதே இடத்தில்கூட வருடம் முழுக்க ஒரே தண்ணீர் இல்லை, தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கிட்டத்தட்ட நன்னீர், வெயில் காலத்தில் கடல் உள்ளே ஏறி உப்பாகிவிடும். களனி ஆற்றிலும் இதே கதைதான், வறட்சி வந்தால் அம்பத்தலையில் குடிநீர் எடுக்கிற இடம்வரை உப்பு ஏறிவிடாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படி உப்புக் குறைந்த தண்ணீரில் கிடந்த சிங்க்கின் மேல் வெள்ளையாகக் கெட்டியான ஒரு படலம் கட்டிவிடும், பிறகு உப்பு திரும்பி வந்தாலும் அது நம்பிக்கையாக வேலை செய்யாது. என் படகில் இருந்த சிங்க்கை உளியால் கீறிப் பார்த்தேன், அந்தப் படலம் நகத்துக்கு அசையவே இல்லை.

மக்னீசிய அனோட்டு முழு நன்னீருக்குச் சரி. உப்பு ஏறினால் அது மிக வேகமாகக் கரைந்து தீர்வதோடு, தேவைக்கு மேல் மின்னோட்டத்தைத் தள்ளி அலுமினியக் காலைச் சுற்றிக் காரத்தை உண்டாக்கும், அந்தக் காரமே அலுமினியத்தைத் தின்னும். மரப் படகு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அளவுக்கு மிஞ்சிய பாதுகாப்பு ஆணியைச் சுற்றியிருக்கிற மரத்தை நாராக்கிவிடும். 1824இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டை இரும்பு, நாக (சிங்க்) துண்டுகளை வைத்துக் காப்பாற்றிக் காட்டினார், ஆனால் செம்பு கரையாமல் போனதும் அதன் நச்சும் இல்லாமல் போய், அடிப்பாகம் முழுக்கச் சிப்பியும் பாசியும் பிடித்துக்கொண்டது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பாடம் அது.

ஆக எனக்கு மிஞ்சியது அலுமினிய அனோட்டு. இது ஜன்னல் சட்டம் செய்கிற அலுமினியம் இல்லை. ஏறத்தாழ 5 வீதம் நாகமும், 0.02 வீதம் அளவுக்கு இண்டியம் என்ற உலோகமும் கலந்த உலோகக் கலவை, மேலே படலம் கட்ட விடாமல் வைத்திருப்பது அந்தத் துளி இண்டியம்தான். அமெரிக்க இராணுவத் தரக் குறியீடு மில்-24779 என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், சிங்க் என்றால் மில்-18001. பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில் எடுத்துக் காட்டிய மலிவான வார்ப்புக் கட்டியில் எந்தக் குறியும் இல்லை, கடைக்காரர் "அலுமினியம்தானே தம்பி, எல்லாம் ஒன்றுதான்" என்றார். ஒரு துண்டு வாங்கி வந்து அளந்து பார்த்தேன்.

அளக்க ஒரு மல்டிமீற்றரும் ஒரு வெள்ளிக் கம்பியும் போதும். செட்டியார் தெருவில் நகைக்கடையில் கலப்பில்லாத வெள்ளிக் கம்பி கொஞ்சம் வாங்கினேன், நகைக்குப் போடுகிற 925 வேண்டாம், அதில் செம்பு இருக்கிறது. துணிக்குப் போடும் குளோரின் பிளீச்சில் ஊறவைத்தால் கம்பி கருஞ்சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான், மின்வாய் தயார். வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு வாளி தண்ணீர் எடுத்து அதற்குள் கம்பியையும் கட்டியையும் விட்டு அளந்தால், குறியில்லாத கட்டி மைனஸ் 0.76, அதாவது என்ஜின் காலைவிட ஒன்றும் அதிகமில்லை, அதைப் பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் ஒன்றுதான். பெட்டியோடு வந்த அனோட்டு மைனஸ் 1.09 காட்டியது. அதை வாங்கினேன், விலை கூடத்தான்.

அளவைப் பற்றியும் கொஞ்சம். சிங்க் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 780 அம்பியர்-மணி தரும், அலுமினியக் கலவை 2500 அளவுக்கு. சராசரியாக 20 மில்லிஅம்பியர் ஓடினால் வருடத்துக்கு 175 அம்பியர்-மணி, சிங்க் என்றால் 225 கிராம், அலுமினியம் என்றால் 70 கிராம் கரையும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும் என்பதால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். கையில் எடுத்தால் அலுமினியம் லேசாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஒரே அச்சில் வார்த்த சிங்க்கைவிட அது கொஞ்சம் கூடுதலாகவே உழைக்கும்.

பூட்டும்போது தொடுகிற இரண்டு முகத்தையும் உலோகம் மின்னும்வரை உரசினேன், அனோட்டின் மேல் பெயின்ட் ஒரு துளி படவில்லை, அனோட்டுக்கும் காலுக்கும் இடையில் தடை 1 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறக்கினேன். சிங்க்கையும் அலுமினியத்தையும் கலந்து போடவில்லை, பின்தட்டில் இருந்த சிங்க்கையும் கழற்றிவிட்டேன். இன்னொன்று, என்ஜினைப் பாதி தூக்கி விடும் பழக்கம் நம்மிடம் உண்டு, கால் நுனி தண்ணீரில் கிடந்து அனோட்டு மேலே நின்றால் பாதுகாப்பு பூச்சியம். முழுதாகத் தூக்குங்கள், இல்லையென்றால் முழுதாக இறக்குங்கள்.

பழைய சிங்க்கோடு ஏரியில் அளந்தபோது கால் மைனஸ் 0.79இல் நின்றது, இப்போது மைனஸ் 1.02. உப்புக் குறைந்தால் வெள்ளிக் கம்பியின் அளவே சில பத்து மில்லிவோல்ட் நகரும் என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பாமல், முன்னுக்கும் பின்னுக்கும் 200 மில்லிவோல்டாவது இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன், இறங்கியிருக்கிறது. அனோட்டின் மேல் இப்போது சாம்பல் நிறத்தில் சொரசொரப்பு, விரலால் தேய்த்தால் போகிறது, சீராகக் கரைகிறது. சில வாரத்திலேயே உங்களுடையது முழுதாகக் கரைந்தால் அனோட்டைக் குறை சொல்லாமல் பற்றரி வயரிங்கைத் தேடுங்கள், அடித்தட்டுத் தண்ணீரில் நனைகிற பம்ப் வயர்தான் பெரும்பாலும் முதல் சந்தேகம்.

இனி சிலிண்டர் பக்கத்தில் உள்ளே இருக்கிற சின்ன அனோட்டுகள். மூடியின் போல்ட் இறுகிப்போய் இருக்கிறது, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன், முறியாமல் வந்தால் உள்ளே என்ன மிச்சம் என்று எடை போட்டு எழுதுகிறேன்.