அப்பாருவின் நானூத்திப் பத்தொன்பது

எங்கள் அப்பாருவுக்கு (தாத்தாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கரும்பு என்றால் நானூத்திப் பத்தொன்பதுதான். நாங்கள் வேறு ரகத்துக்கு மாறிப் பல வருடம் கழித்தும், ஆலைக்கொட்டாயில் கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கரும்பு மாதிரி இனி ஒண்ணு பொறக்காது கண்ணு" என்பார். கவுந்தப்பாடிப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம் எங்களுடையது. சர்க்கரை காய்ச்சுகிற வீடு. நானூத்திப் பத்தொன்பது என்பது யார் வைத்த எண் என்று அவர் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கோயமுத்தூரில் விவசாயம் படிக்கச் சேர்ந்த பிறகுதான் அதன் முழுப்பெயர் தெரிந்தது: கோ 419. கோ என்றால் கோயமுத்தூர். ஜாவாவிலிருந்து வந்த பி.ஓ.ஜே. 2878 தாய், இங்கேயே பிறந்த கோ 290 தகப்பன். அன்று ராத்திரி ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்குப் போன் போட்டு அப்பாருவிடம் சொன்னேன். "நம்மூருக் கரும்பா அது!" என்று இரண்டு தடவை கேட்டார்.

கல்லூரியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னை சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி 1906-ல் கோயமுத்தூருக்கு வந்தது. லாலி ரோடு என்று நாம் தினமும் சொல்கிறோமே, அது அப்போதைய கவர்னர் ஆர்தர் லாலியின் பெயர். கல்லூரி வந்து ஐந்தே வருடத்தில், 1911-ல், மாணவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள்: மெட்ராஸ் விவசாய மாணவர் சங்கம். 1913-ல் இருந்து அந்தச் சங்கம் ஒரு சஞ்சிகை போட்டது. பின்னால் மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல் என்று ஆன அந்த இதழ் நூறு வருடம் தாண்டியும் வந்துகொண்டிருக்கிறது. இந்திய அறிவியல் மாநாடு என்கிற அகில இந்திய அமைப்பே 1914-ல்தான் கல்கத்தாவில் முதல் முறை கூடியது. டெல்லியில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் 1929-ல் வந்தது. அதற்கெல்லாம் முன்பே நம்மூரில் மாணவப் பையன்கள், கண்டதை எழுதி வைக்க வேண்டும், பத்துப் பேர் படிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

சங்கம் பிறந்த மறு வருடம், 1912-ல், கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. இதற்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பூ. வட நாட்டில் கரும்பு சரியாகப் பூக்காது, பூத்தாலும் விதை பிடிக்காது. கோயமுத்தூர் வெயிலுக்கும் பகல் நீளத்துக்கும் இங்கே பூக்கும், விதையும் கட்டும். பூவும் விதையும் இல்லாமல் இரண்டு ரகத்தைக் கலந்து புது ரகம் எடுக்க முடியாது. கரணை, அதாவது கரும்புத் துண்டு, வைத்தால் தாய்க்கரும்பேதான் திரும்ப முளைக்கும். நிலையத்தை நடத்திய பார்பர் துரையும் அவருக்குத் துணையாக இருந்த டி.எஸ்.வெங்கட்ராமனும் வெள்ளை என்கிற தடித்த கரும்போடு, ஆற்றோரம் தானாக முளைக்கிற நாணலைச் சேர்த்தார்கள். சாறு ஒருபக்கம், தாங்கும் சக்தி ஒருபக்கம். அதில் வந்த கோ 205, 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. பார்பர் போன பிறகு நிலையம் வெங்கட்ராமன் கைக்கு வந்தது. கோ 419 அவர் காலத்தது.

அவரைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. 1937-ல் ஹைதராபாத்தில் கூடிய அறிவியல் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். நாட்டின் பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் சபை. தன் கரும்பைப் பற்றியே மணிக்கணக்காகப் பேசியிருக்கலாம். அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, இந்தியக் கிராமம்: அதன் நேற்று, இன்று, நாளை.

அந்தக் கிராமத்தில் ஒன்றான எங்கள் ஊருக்கு அந்தச் சபைகளின் பேச்சு எவ்வளவு வந்து சேர்ந்தது? எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது எங்கள் கரும்புக் காட்டில் செவ்வழுகல் நோய் வந்தது. மேலிருந்து மூன்றாவது நான்காவது சோகை (கரும்பு இலை) மஞ்சளாகிக் காய்ந்தது. அப்பா ஒரு கரும்பைப் பிளந்து காட்டினார். உள்ளே சிவப்பு, அதில் குறுக்கே குறுக்கே வெள்ளைத் திட்டு, சாராயம் மாதிரி வாசம். வேண்டப்பட்ட ஒருத்தரிடம் வாங்கி வந்த கரணையில் இருந்து ஏறிய நோய். அது தெரியாமல் பாதிக் காட்டை மறுதாம்பு விட்டோம், அதாவது வெட்டிய கட்டையிலேயே திரும்பத் துளிர்க்க விட்டோம், அடுத்த வருடம் அதுவும் போயிற்று. ஆத்தா அந்த வருடம் வளையலை அடகு வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கல்லூரியில் படித்தபோது அதே நோயைப் பாடமாகப் படித்தேன். நோய் பிடித்த கரணையை நடாதே, மறுதாம்பு விடாதே, அந்த வயலில் நெல் வைத்து மாற்று. மூன்றே வரி. ரெண்டரை மணி நேர பஸ் தூரத்தில், இங்கிலீஷில் இருந்த மூன்று வரி. அன்று நூலகத்தில் அழுகை வந்துவிட்டது. அந்த மாணவர் சங்கத்தின் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் எழுதி வைத்ததால்தான் என் கைக்கு வந்தது. ஆனால் அதை அப்பாருவின் பேச்சில் சொல்லக்கூடிய ஒருத்தர் எங்கள் ஊரில் அன்று இல்லை. அதனால்தான் பக்கத்துத் தோட்டங்களுக்கு இப்போது நானே போகிறேன், கரணை வாங்குவதற்கு முன்னால் பிளந்து பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது எங்கள் காட்டில் கோ 86032 ரகம். கோ எண் கிடைத்த வருடம் 86 என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அப்பாரு இருந்திருந்தால் இதையும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

கார்த்திகை மாசம் ஒன்றிரண்டு இடத்தில் பூ தள்ளியிருக்கிறது, வெள்ளி மாதிரி பஞ்சுக்கதிர். கரும்பு பூத்தால் அதற்கு மேல் வளராது, வெட்டாமல் விட்டால் சக்கையாகிவிடும். அப்பாவுக்கு அதைக் கண்டாலே பிடிக்காது, "வெட்டுக்கு ஆள் சொல்லோணும்" என்று நேற்றும் சொன்னார். "அப்பா, அந்தப் பூ இல்லீன்னா நானூத்திப் பத்தொன்பதே இல்லீங்க" என்றேன். கொஞ்ச நேரம் வரப்பில் நின்று பார்த்தார். அப்புறம் ஒரு கதிரை மட்டும் ஒடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.