அடுத்தவர் கேள்வியைப் படித்தேன், தேறினேன்

போன வாரம் ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன். டாக்டர், நர்ஸ், ஃபார்மசிஸ்ட், பிசியோ, டயட்டீஷியன், மருத்துவ சமூகப் பணியாளர் என்று எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து குழந்தைப் புற்றுநோய்க்கு ஒரே தேர்வு எழுதுகிறோம் என்பதை அம்மா இன்னும் நம்பவில்லை. "டாக்டருக்கும் உனக்கும் ஒரே கேள்வித்தாளாடி?" என்கிறார். ஆமாம்மா, ஒரே கேள்வித்தாள்தான். அதனால்தான் இத்தனை பேர் தடுமாறுகிறார்கள்.

எப்படிப் படித்துத் தேறினாய் என்று அடுத்த பேட்ச்சில் சேரும் பினாங்கு நண்பர்கள் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். தேர்வு எப்படி நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்ல வேண்டும். நான் ஃபார்மசிஸ்ட், அதிகம் பேசாத ஆள். கீமோ கலக்கும் அறைக்குள் இரண்டு ஜோடிக் கையுறையோடு, கண்ணாடிக்குப் பின்னால் வேலை பார்த்துப் பழகியவள். குழந்தைகளை எனக்குப் பதிவு எண்ணாகவும் உடல் பரப்பளவாகவும்தான் தெரியும். வாயாலேயே வார்டை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

எம்சிக்யூவில், அதாவது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், பயப்பட ஒன்றுமில்லை. இவை விரல் நுனியில் இருந்தால் போதும்:

- துறைகள் கூடிக் கற்பதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2010 வரையறை: இரண்டோ அதற்கு மேலோ துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது. மூன்றும் இருந்தால்தான் சரியான விடை. ஒரே மண்டபத்தில் ஒரே ஸ்லைடைப் பார்ப்பது கணக்கில் வராது.
- துறைகள் கூடி வேலை செய்ய 2011-இல் அமெரிக்காவில் வகுத்த நான்கு திறன்கள்: மதிப்பும் அறமும், அவரவர் பங்கும் பொறுப்பும், துறைகளுக்கிடையே பேச்சு, குழுவாக இயங்குதல்.
- 2018-இல் தொடங்கிய உலகக் குழந்தைப் புற்றுநோய் முயற்சி: 2030-க்குள் உலக அளவில் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்பது இலக்கு.
- அந்த முயற்சி முன்னால் வைத்த ஆறு நோய்கள்: ஏஎல்எல் (ஒருவகை ரத்தப் புற்றுநோய்), பர்கிட் லிம்போமா, ஹாட்ஜ்கின் லிம்போமா, ரெட்டினோபிளாஸ்டோமா (கண்), வில்ம்ஸ் கட்டி (சிறுநீரகம்), தாழ்நிலை கிளையோமா (மூளை).
- மா-ஸ்போர்: மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்தும் ஏஎல்எல் சிகிச்சைத் திட்டம். சிகிச்சைக்குப் பிறகும் உடம்பில் எஞ்சிய நோயளவைப் பார்த்து அதன் கடுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஏன் என்று இரண்டு வரியில் சொல்லத் தெரிய வேண்டும்.

இதோடு எம்சிக்யூவை விடுங்கள். ஆளை விழுத்தாட்டுவது குழு ஸ்டேஷன், பல துறையினர் சேர்ந்து ஒரு கேஸைப் பேசித் தீர்க்கும் செய்முறைத் தேர்வு.

எங்கள் படிப்புக் குழு லிட்டில் இந்தியாவில், பினாங் ஸ்திரீட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடும். வார்டில் பல வருஷம் பழுத்த நர்ஸ் அக்கா ஒருவர், பிசியோ தம்பி, டயட்டீஷியன் காக் (மலாய் அக்கா), புதிதாக வந்த எம்.ஓ. (மருத்துவ அதிகாரியான டாக்டர்) ஒருவர், நான். அந்த எம்.ஓ.வுக்கு அக்காவின் மகள் வயதுகூட இராது. அக்கா அவரை "டாக்டர்" என்பார், அவர் அக்காவை "அக்கா" என்பார். மரியாதை இரண்டு பக்கமும் குறைவில்லை. ஆனால் எம்.ஓ. ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டால் அக்கா வாய் திறக்க மாட்டார். தேர்வில் அந்த மௌனம் எல்லாருடைய மார்க்கையும் தின்னும்.

ஒருநாள் பயிற்சிக்காக ஒரு கேஸ் எடுத்தோம். ஏஎல்எல் உள்ள ஆறு வயதுப் பையன். வாராவாரம் வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி. இடையில் பூஞ்சைத் தொற்று வந்து வோரிகொனசோல் ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு மருந்துச் சீட்டைப் பார்த்ததுமே தெரியும்: இந்த வகைப் பூஞ்சை மருந்து வின்கிரிஸ்டினை உடம்பிலிருந்து வெளியேற விடாது, நரம்புக்கு நஞ்சாகும். இருந்தாலும் என்னிடம் இருந்தது வெறும் காகித எச்சரிக்கை. அக்காவிடம் கேட்டதும் "பையன் மலம் கழிச்சு நாலு நாளாச்சு"ன்னு சார்ட்டைக் காட்டினார். காக், தாடை வலிக்கிறது என்று பையன் கஞ்சி மட்டும் குடிப்பதைக் குறித்து வைத்திருந்தார், பசியில்லை என்ற தலைப்பின் கீழ். பிசியோ தம்பி ஒன்றே ஒன்று கேட்டான்: "குதிகாலால நடக்கச் சொல்லிப் பார்த்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை. கேஸ் தாளைத் திருப்பினால், பையன் படியில் தடுக்கி விழுந்ததாக அம்மா சொன்ன வரி இருக்கிறது.

மலச்சிக்கல், தாடை வலி, பாதம் தொங்குவது (அதனால்தான் குதிகால் நடை வராது, படியில் தடுக்கும்). மூன்றும் ஒரே மருந்தின் வேலை. நான்கு பேர் கையில் நான்கு துண்டாகக் கிடந்தது. எம்.ஓ. பேனாவை வைத்துவிட்டு, "அப்ப ரவுண்ட்ஸ்ல நான் உங்ககிட்ட என்ன கேட்டிருக்கணும்?" என்றார். எனக்கு இந்தத் தேர்வு புரிந்தது அந்தக் கேள்வியில்தான்.

இனி என்னுடைய ஒரே உத்தி. மற்றத் துறைகளின் பாடப்புத்தகத்தைத் தொடாதீர்கள். அவர்கள் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என்ன கேட்பார்கள் என்பதை மட்டும் படியுங்கள். துறைக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஐந்து கேள்வி. என் அட்டைகளிலிருந்து கொஞ்சம்:

நர்ஸ்: நரம்பில் லைன் எப்போது போட்டது? கடைசி ஊசி மருந்து எதில் வந்தது, சிரிஞ்சா மினி பையா (சின்ன டிரிப் பை)? இன்று குழந்தை நேற்றுப் போல அழுகிறதா?

பிசியோ: குதிகால் நடை? தரையிலிருந்து கைகொடுக்காமல் எழுந்திருக்கிறதா? படி ஏறும்போது எந்தக் கால் முந்துகிறது?

டயட்டீஷியன்: போன வாரத்து எடை? ஸ்டீராய்டு நாட்களில் ராத்திரி என்ன சாப்பிடுகிறது? வீட்டிலிருந்து என்ன வருகிறது?

சமூகப் பணியாளர்: அம்மா அப்பாவில் யார் வேலையை விட்டது? ஆஸ்பத்திரிக்கு எதில் வருகிறார்கள்? மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்?

ஆஸ்பத்திரிப் பள்ளி ஆசிரியர்: கையெழுத்து மாறியிருக்கிறதா? போன மாதம் படித்ததை இப்போது படிக்கிறதா?

கடைசி அட்டையைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். நம் நாட்டில் ஆஸ்பத்திரிக்குள் பள்ளி 2011-இலிருந்து நடக்கிறது. நாம் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறோம். கலர் பென்சிலைப் பிடிக்க முடியாமல் போன பிள்ளையை முதலில் கவனிப்பது டீச்சர்.

கேள்வி தெரிந்தால் மட்டும் போதாது, அறையில் அதை அந்தத் துறைக்காரரிடமே கேட்க வேண்டும். விடை உங்களுக்கே தெரிந்திருந்தாலும் கேளுங்கள். அவர் சொன்னதும் திருப்பிச் சொல்லுங்கள்: "அதாவது, பாதம் தொங்குது, இந்த வார டோஸை நிறுத்தி வைப்பதா இல்லையா என்று டாக்டர் முடிவு எடுக்கணும்." மார்க் கொடுப்பவர் பேனா அசைவது அங்கேதான். அறிவாளி போல எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்த ஒரு கெட்டிக்காரர் எங்கள் பேட்ச்சில் மறுதேர்வு எழுதப் போகிறார். பாவம், மருந்தியலில் என்னைவிட நூறு மடங்கு மேல்.

ஃபார்மசிஸ்ட்டுகள் தயாராக வைத்திருக்க வேண்டியவை:

1. வின்கிரிஸ்டின் தண்டுவடத்துக்குள் போனால் உயிர் போகும். 2007-இல் உலகச் சுகாதார நிறுவனமே எச்சரித்து, சிரிஞ்சை விட்டு மினி பைக்கு மாறச் சொன்னது. பாதுகாப்பு பற்றிய எந்த ஸ்டேஷனிலும் இதை நுழைக்கலாம். தண்டுவட ஊசி போடும் அறைக்குள் அந்தப் பை வரவே கூடாது என்று நர்ஸிடமும் டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.
2. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ரஸ்புரிகேஸ் கொடுக்கும் முன் ஜி6பிடி என்ற நொதி குறைவா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்திருப்பார்கள். குழந்தையின் உடல்நலப் பதிவுப் புத்தகத்தை அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு யூரிக் அமில ரத்தம் ஐஸில் போக வேண்டும், இல்லையென்றால் குழாய்க்குள்ளேயே மருந்து வேலை செய்து பொய்யான குறைந்த எண் வரும். இந்த ஒரு வரியில் டாக்டர், நர்ஸ், லேப், ரத்தம் தூக்கிப் போகும் அண்ணன் வரை எல்லாரும் வந்துவிடுகிறார்கள். ஸ்டேஷனுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.
3. அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் (இன்னொரு கீமோ மருந்து): கோ-ட்ரிமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கை யார் நிறுத்துவது, சிறுநீரின் பிஎச்சை யார் பார்ப்பது, பாட்டி வாங்கி வரும் கோலா பானத்தை யார் தடுப்பது. மூன்றுக்கும் மூன்று பெயர் சொல்ல வேண்டும்.
4. கீமோ எடுக்கும் குழந்தை காய்ச்சலோடு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக். அந்த நேரம் எங்கே கரைகிறது என்று கேட்பார்கள். பதிவுக் கவுண்டரிலிருந்து ஆரம்பியுங்கள். ஆசனவாய் வழியாக வெப்பமானி கூடாது என்பதை மறக்காதீர்கள்.

குடும்பத்தோடு பேசிக்காட்டும் பேச்சு ஸ்டேஷனைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், எனக்குக் குறைந்த மார்க் அதில்தான். ஆனால் அக்கா பேசியதைச் சொல்கிறேன், அது பயிற்சி நாளில் நடந்தது. அம்மாவாக நடிக்க வந்தவர் தைப்பூசத்துக்குப் பிள்ளையைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போடும் வேண்டுதல் இருக்கிறது என்றார். பிள்ளைக்கு வெள்ளை அணுக்கள் தரையில் கிடக்கின்றன. முதலில் பேசியவர் "கூட்டத்துக்குப் போகவே கூடாது" என்று ஒரே வெட்டாக வெட்டினார். அம்மா வாயை மூடிக்கொண்டார், அதன்பிறகு எதைக் கேட்டாலும் "சரி டாக்டர்". அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, "வேண்டுதல் யாரும்மா வெச்சது?" என்றார். மாமியாராம். "அவங்க பேரன் பேர்ல பால்குடம் எடுக்கலாமா? பிள்ளை அடுத்த வருஷம் தானே நடந்து வரட்டும்." நடிக்க வந்த அம்மா, "முடிதான் ஏற்கெனவே கொட்டிப் போச்சே மிஸ்ஸி, முருகன் எடுத்துக்கிட்டாருன்னு வெச்சுக்கவா?" என்று கேட்க, அறையில் எல்லாரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் பிளேட்லெட் ஏறட்டும் என்று வீட்டில் பப்பாளி இலைச் சாறு கொடுப்பதும் வெளியே வந்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு, அக்கா போட்ட நாற்காலியால் விடை கிடைத்தது.

கொஞ்சம் கசப்பையும் கொட்டிவிடுகிறேன். மற்றத் துறைகளோடு அரை நாள் நிற்க வேண்டும் என்று பயிற்சியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு லீவு எங்கிருந்து வரும் என்று எழுதவில்லை. என் மேலாளர் "ஃபார்மசிஸ்ட்டுக்கு வார்டுல என்ன வேலை?" என்றார். கடைசியில் சொந்த லீவைப் போட்டு நின்றேன். தீபாவளிக்கு வைத்திருந்த லீவு அது. ஒரு குழு ஸ்டேஷனில் தேர்வு நடத்துபவர் ஒவ்வொரு கேள்வியையும் டாக்டரின் முகத்தைப் பார்த்தே கேட்டார், பதில் சொன்னது பிசியோ தம்பியாக இருந்தும். கூட்டாகக் கற்பிக்க வந்தவர்களுக்கே அந்தப் பழக்கம் விடவில்லை. உங்களுக்கும் இப்படி அமைந்தால் கோபப்பட்டு ஒதுங்காதீர்கள். டாக்டரிடம் முன்பே பேசி வையுங்கள், "அது பிசியோ சொல்லட்டும்" என்று அவரே பந்தைத் திருப்பிவிடுவார். எங்கள் எம்.ஓ. அதை அழகாகச் செய்தார்.

மீதி சில்லறை:

- படிப்புக் குழுவில் எல்லாரும் ஒரே துறையாக இருந்தால் கலைத்துவிடுங்கள். ஐந்து ஃபார்மசிஸ்ட் கூடினால் அது மருந்தகக் கூட்டம்.
- அட்டையைத் தமிழில் எழுதலாமா என்று கேட்டார்கள். நான் தமிழிலும் மலாயிலும் கலந்துதான் எழுதினேன், தேர்வில் ஆங்கிலம் தானாக வந்தது.
- கோலாலம்பூரில் தேர்வு என்றால் பட்டர்வொர்த்திலிருந்து முந்தைய நாளே இடிஎஸ் ரயில் ஏறுங்கள். பிரிக்பீல்ட்ஸில் தங்கினால் காலைச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம்.
- கேஸ் பதிவேட்டில் "குழுவோடு விவாதித்தேன்" என்று எழுதினால் சிவப்புக் கோடு. யார், என்ன கேட்டார், அதனால் எது மாறியது என்று எழுதுங்கள்.
- அந்தப் பதிவேட்டை ஸ்பைரல் பைண்டிங் போடாதீர்கள். கடைசி வாரத்தில் பக்கம் சேர்க்கச் சொல்வார்கள்.