நான்காம் மேசையின் முறைப்பாடு

எங்கள் வாசிகசாலையில் வாணி விழாவை ஒட்டி நடக்கும் பொது அறிவுப் போட்டியில், விடை தெரிந்தவர் கையை உயர்த்துவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. இரண்டு கைகள் ஒன்றாக உயர்ந்தால் நடுவரின் கண்ணில் எது முதலில் பட்டதோ அதற்கே வாய்ப்பு. கண்ணில் படாத பிள்ளையின் முகம் வாடுவதைப் பல வருடங்கள் பார்த்த பிறகுதான், சென்ற வருடம், நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறிய மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஊனோ ஒன்றைக் கொண்டு, முதலில் பொத்தானை அழுத்திய மேசையைக் காட்டும் பஸர் ஒன்றை நான்கு மேசைகளுக்காக நானே செய்தேன்.

வேண்டிய பொருட்கள் அதிகமில்லை: வீட்டு அழைப்பு மணிக்குரிய பொத்தான்கள், அவற்றைப் பதிக்கப் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிகள், மேசைக்குப் பத்து மீற்றர் வீதம் தொலைபேசி வயர், 220 ஓம் தடையியுடன் மேசைக்கொரு எல்.இ.டி., ஒரு சிறிய ஒலிப்பான். மேசைக்கு மேசை வேறு வேறு சுருதியில் ஒலி எழும்படி நிரல் எழுதியிருந்ததால், நடுவர் வினாத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அழுத்தியது யார் என்று அறிந்துகொள்ள முடிந்தது.

போட்டி முடிந்து கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நான்காம் மேசையில் இருந்த சிறுமி ஒருத்தி வந்து, “மாமா, நாங்களும் அப்பவே அமத்தினனாங்கள், ஆனா ஒவ்வொரு முறையும் முதலாம் மேசைதான் எரிஞ்சது” என்றாள். தோற்றவர்களின் மனக்குறை என்று அதை நான் தள்ளிவிடவில்லை. அன்றிரவே நிரலைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது முற்றிலும் உண்மை.

பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் சில மில்லிசெக்கன்களுக்குத் துள்ளித் துள்ளியே ஒன்றையொன்று தொடும். அந்தத் துள்ளலைப் பலகை பல அழுத்தல்களாக எடுத்துக்கொள்வதைத் தவிர்க்க, எல்லோரும் செய்வதுபோல நானும் நிரலின் சுழற்சியில் 50 மில்லிசெக்கன் காத்திருப்பைச் சேர்த்திருந்தேன். காத்திருக்கும் அந்த நேரத்தில் பலகை எந்தப் பொத்தானையும் பார்ப்பதில்லை. பிறகு பார்க்கும்போதும் முதலாம் மேசை, இரண்டாம் மேசை என்று வரிசையாகவே பார்க்கிறது. ஆகவே நான்காம் மேசை முந்தி அழுத்தி, முதலாம் மேசை அதே இடைவெளிக்குள் பிந்தி அழுத்தினாலும், வாய்ப்பு முதலாம் மேசைக்கே போய்விடும். இன்னொரு பலகையைக் கொண்டு, நான்காம் மேசைக்கு 10 மில்லிசெக்கன் முன்னதாகத் துடிப்பு கிடைக்கும்படி செய்து சோதித்தேன். கணக்கின்படி ஐந்தில் நான்கு தடவை தவறான மேசையே வெல்ல வேண்டும்; பலகையும் ஏறத்தாழ அப்படியே காட்டியது. கடும் போட்டியில் இரு பிள்ளைகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அந்தச் சில பத்து மில்லிசெக்கன்கள்தான் என்பதால், இதை நான் சிறிய பிழையாக எண்ணவில்லை.

திருத்தம் எளிது. முதல் தொடுகையோடு மற்றப் பொத்தான்களைப் பூட்டிவிடும் கருவிக்குத் துள்ளல் ஒரு பொருட்டே அல்ல. எனவே காத்திருப்பை முழுவதுமாக நீக்கினேன். ஊனோவில் வயர்களை இணைக்கும் முனைகளில் 0 முதல் 7 வரையானவை ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. அத்தொகுதியை, அதன் முனைகளின் நிலையை ஒருசேரக் காட்டும் ‘பின்டி’ (PIND) என்ற பதிவகத்தின் வழியாக ஒரே வாசிப்பில் வாசித்தால் எல்லா மேசைகளும் ஒரே கணத்தில் பார்க்கப்படும். 0, 1 ஆகிய இரண்டும் கணினித் தொடர்புக்கு வேண்டியவை என்பதால் ஆறு மேசைகள் வரை இடமுண்டு. ஒரே வாசிப்பில் இரண்டு பொத்தான்கள் அகப்பட்டால் இரண்டு விளக்குகளும் எரியும், நடுவர் வேறு வினா கேட்பார். பலகைக்கே தெரியாத ஒன்றை அது தீர்ப்பாகச் சொல்வதை நான் விரும்பவில்லை.

காத்திருப்பு போனதும் வேறொரு குறை வெளிப்பட்டது. மண்டபத்தில் ஒலிபெருக்கியை இயக்கியபோது, யாரும் தொடாமலே இரண்டாம் மேசையின் விளக்கு எரிந்தது. பொத்தான் அழுத்தப்படாதபோது முனையை உயர் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்க, பலகையின் உள்ளே இருக்கும் இழுதடையி 20 முதல் 50 கிலோ ஓம் வரையான மதிப்புடையது. பத்து மீற்றர் வயர் அயலிலுள்ள மின் இரைச்சலை உள்வாங்கும்போது அதை எதிர்த்து நிற்க அந்தத் தடையி போதாது. ஒவ்வொரு முனைக்கும் வெளியே 1 கிலோ ஓம் தடையியும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் சேர்த்தபின் அந்தத் தொல்லை நின்றது. இப்போது பொத்தானை அழுத்தும்போது அதன் வழியே 5 மில்லிஅம்பியர் வரை பாய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. திருகோணமலைக் கடற்காற்றில் செப்பு சில மாதங்களிலேயே பச்சை பூத்துவிடுகிறது; மெல்லிய மின்னோட்டம் தடுமாறும் அந்தப் படிவில் இது அவ்வளவு தடுமாறுவதில்லை. பற்றாசு வைத்த இடங்கள் அனைத்துக்கும் நகப்பூச்சும் பூசிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருந்தது. நடுவர் மீளமைக்கும்போது ஒரு பிள்ளை பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே வைத்திருந்தால், அடுத்த வினா தொடங்கும் முன்பே அந்த மேசை வென்றுவிடும். எல்லாப் பொத்தான்களும் விடப்பட்ட பிறகே புதிய சுற்று தொடங்கும்படி நிரலில் நான்கு வரிகள் சேர்த்தேன்.

சிறுமியை வீட்டுக்கு அழைத்து, முதலாம் பொத்தானை நானும் நான்காம் பொத்தானை அவளும் அழுத்திப் பார்த்தோம். அவள் விளக்கே அதிகமாக எரிந்தது. வருகிற வாணி விழாவுக்கு ஐந்தாம், ஆறாம் மேசைகளும் வேண்டுமாம். அவற்றுக்கான வயரை வெட்டிச் சுருட்டி வைத்திருக்கிறேன்.