தொட்டியின் விளிம்பு

2024 மார்ச் 4, திங்கள்

இன்றைக்கும் அம்மாவைக் குளியல் தொட்டிக்குள் இறக்கப் பயமாக இருந்தது. போன மாதம் வழுக்கினதிலிருந்து கதிரையில் இருத்தி, சுடுதண்ணீரில் துவாயை நனைத்து உடம்பு துடைத்துவிடுகிறேன். கிணற்றடியில் வாளி வாளியாய் அள்ளித் தோய்ந்த மனுசிக்கு இது குளிப்பே இல்லை.

நேற்றுக் கோயிலில் ஓர் அக்கா சொன்னா, உடம்பு ஏலாதவர்களுக்கு வீட்டைத் திருத்திக் கொடுக்கக் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) காசு தரும், டிசேபிள்ட் ஃபசிலிட்டீஸ் கிராண்ட் என்று. நானும் இவரும் உழைக்கிறோம், இப்படியான உதவி ஒன்றும் எங்களுக்குக் கிடைக்காது என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரவிரவாக வாசித்தேன். நான் நினைத்தது முழுப் பிழை. உடம்பு ஏலாதவரதும் அவருடைய துணையினதும் வருமானத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். கூட இருக்கும் பிள்ளைகளின் சம்பளம் கணக்கில் வராது. வருமானம் குறைந்த வயதானவர்களுக்கு அரசாங்கம் தரும் பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாதப் பங்கை அம்மா எடுப்பதால் அவவிடம் ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். இங்கிலாந்தில் உச்ச வரம்பு 30,000 பவுண்ஸ், வேல்ஸில் 36,000.

இரண்டு வருஷம்.

மார்ச் 5

கவுன்சிலுக்கு ஃபோன் எடுத்தேன். ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளை அம்மா எப்படிச் செய்கிறா, என்ன வசதி வேண்டும் என்று பார்ப்பவர்) வந்து பார்க்க வேண்டுமாம். வரிசையில் பெயர் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 11, வியாழன்

ஓ.டி. பிள்ளை இன்றைக்குத்தான் வந்தா. அம்மா விடியவே எழும்பி நல்ல சேலை உடுத்து, தலை இழுத்து, விருந்துக்கு இருப்பதுபோல இருந்தா. "நீங்கள் தனியக் குளிப்பீங்களா?" என்று அந்தப் பிள்ளை கேட்க, நான் தமிழில் சொன்னேன். "ஓம், எல்லாம் நானே செய்வன். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை" என்றா அம்மா.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? அப்படியே சொன்னால் உதவி போய்விடும், மாற்றிச் சொன்னால் அம்மாவுக்குத் துரோகம். அம்மா சொன்னதை முதலில் சொன்னேன். பிறகு, என் கண்ணால் கண்டது வேறு என்றும் சொன்னேன். அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டு, "ஒருக்கால் ஏறிக் காட்டுவீங்களா?" என்று கேட்டா. தொட்டி விளிம்பு 55 சென்டிமீட்டர். அம்மா சேலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கி மற்றக் கையால் சுவரைத் தடவினா. பிடிக்க ஒன்றும் இல்லை. கால் பாதி உயரம்கூடப் போகவில்லை. "இண்டைக்குக் கொஞ்சம் ஏலாமக் கிடக்கு" என்றா.

ஜூலை 24

பிடிகம்பிகள் வந்து பூட்டியாயிற்று, இலவசமாக. 1,000 பவுண்ஸுக்கு உட்பட்ட சின்ன வேலைக்கு இந்தக் கிராண்ட் விண்ணப்பமே தேவையில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தொட்டியைக் கழற்றிவிட்டு ஷவர் வைக்கக் கிராண்ட் கேட்கும் படிவம் போயிற்று. வீடு எங்கள் பெயரில் இருப்பதால் கையெழுத்து நான்தான் வைக்க வேண்டும்: அம்மா இன்னும் 5 வருஷம் இந்த வீட்டில் இருப்பா என்று. வாசித்துக் காட்டினேன். "அஞ்சு வருஷத்துக்கு ஆர் பிள்ளை உத்தரவாதம்?" என்றா. அடுத்த வரியையும் வாசித்தேன்: உடல்நிலை இடங்கொடுக்கும் மட்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. "அப்ப சரி."

முழு விண்ணப்பம் கிடைத்து 6 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் மார்ச்சிலிருந்து நாங்கள் காத்திருந்த காலம் அந்த ஆறில் சேராது. இதை வாசிக்கிறவர்கள் ஃபோனில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். விண்ணப்பப் படிவத்தையே எழுத்தில் கேளுங்கள்.

இவருடைய சிநேகிதர் அடுத்த கிழமையே வந்து தொட்டியைக் கழற்றித் தருகிறேன் என்கிறார். மறித்துவிட்டேன். ஒப்புதலுக்கு முன் வேலை தொடங்கினால் காசு இல்லை.

2025 ஜனவரி 31, வெள்ளி

ஒப்புதல் கடிதம்! 8,400 பவுண்ஸ். வீட்டை 10 வருஷத்துக்குள் விற்றால் 5,000க்கு மேற்பட்டதைத் திருப்பிக் கேட்கலாம் என்று பதிந்து வைக்கிறார்கள். அது நியாயம்தான்.

அம்மா, "இது பிச்சைக் காசோ?" என்று கேட்டா. இல்லை அம்மா, சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை என்றேன். நம்பினாவோ தெரியாது.

மார்ச் 27

தொட்டி போய்விட்டது. அது இருந்த இடத்தில் தரை துளைப்பக்கமாக மெல்லச் சரிகிறது, தடுக்க ஒரு படிகூட இல்லை. வழுக்காத விரிப்பைச் சுவரோடு மடித்து ஒட்டியிருக்கிறார்கள். சுவரில் மடக்கும் இருக்கை.

ஏப்ரல் 2, புதன்

துவாயோடு நானும் உள்ளே போனேன். அம்மா இருக்கையைக் கையால் அமத்திப் பார்த்தா, இருந்தா, தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தா.

"நீ போ பிள்ளை. கதவைச் சாத்திவிட்டுப் போ."

அரை மணித்தியாலம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.