கன மீட்டர் 5,200 ரூபாய், மற்றதெல்லாம் தனி

சூரப்பட்டில் என் தாய்மாமாவுக்கு ஐந்து மாடுகள். தெருவில் திரியும் மாட்டைப் பிடித்தால் முதல் முறை 5,000 ரூபாய் என்றிருந்த அபராதத்தைச் சென்னை மாநகராட்சி 2024-ல் 10,000 ஆக்கியது. அதே மாடு மறுபடி மாட்டினால் 15,000. அன்றிலிருந்து மாமாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஐந்து மாடும் ஒரே ராத்திரியில் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ரெட்டேரி சிக்னலில் வரிசையாக நிற்பதாகக் கனவு வருகிறதாம். "அம்பதாயிரம்டா மாப்ளே! அதுக்கப்புறம் பெரம்பூர் தொழுவத்துக்குப் போயி மீட்டுட்டு வரணும். அந்தக் காசுக்கு ஒரு கொட்டாயே கட்டிடலாம்."

அப்படித்தான் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை ஆரம்பமானது. நாற்பதுக்கு இருபது அடி. இரும்புத் தூண்கள் நட்டாயிற்று. கூரை ஷீட் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தரை என்று முடிவு. மேஸ்திரி தன் கலவை மிஷினைக் கொண்டுவந்து போடுவதாகத்தான் பேச்சு. ஆனால் தெரு முனையில் ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே ராத்திரி ராத்திரி வரும் கான்கிரீட் லாரியை வேடிக்கை பார்த்துப் பார்த்து மாமா மனம் மாறிவிட்டார். "பட்டனைத் தட்டறான், தானா கொட்டுது. நாமளும் அதையே வாங்கிடலாம்."

மாமாவுக்குக் கணக்கு என்று ஏதாவது வந்தால் என்னைக் கூப்பிடுவார். நான் பெரிய கணக்குப் புலி என்பதால் அல்ல, என் போனில் சார்ஜ் இருக்கும் என்பதால். கலந்த கான்கிரீட்டை லாரியில் அனுப்பும் ஒரு ரெடிமிக்ஸ் நிறுவனத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

"குவான்டிட்டி எவ்ளோ சார்?"

"நாப்பதுக்கு இருபது" என்றார் மாமா.

"கியூபிக் மீட்டர்ல சொல்லுங்க சார்."

மாமா என்னைப் பார்த்தார். 800 சதுர அடி, நாலு அங்குலக் கனம், ஆக 267 கன அடி. கன மீட்டருக்கு 35.3 கன அடி என்று வகுத்தால் ஏழரைக்குக் கொஞ்சம் மேலே. சொன்னேன்.

"சேதாரம் சேத்து எட்டுன்னு போட்டுக்கறேன் சார்."

"சேதாரமா? நகைக்கடைக்கா போன் போட்டோம்?" என்று மாமா என்னிடம் கேட்டார். நகைக்கடை என்று அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது போகப்போகத் தெரிந்தது. எம்-20 கலவை (எம் என்பது பலத்தின் தரம், எண் கூடினால் பலம் கூடும்), கன மீட்டர் 5,200 ரூபாய். கேட்டதும் மாமா முகம் மலர்ந்துவிட்டது. எட்டுக்கு 41,600. பரவாயில்லையே! எழுதிக்கொள் என்று சைகை காட்டினார். எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அந்தத் தம்பி நிதானமாக 'தனி'களைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு லாரியில் ஆறு கன மீட்டர்தான் வரும். மீதி ரெண்டுக்கு இன்னொரு லாரி. அந்த லாரியில் குறைந்தது நாலு கன மீட்டராவது ஏற்ற வேண்டுமாம். ஏற்றாவிட்டால் குறைகிற ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஆயிரம் ரூபாய் தனி. ஆக, வராத கான்கிரீட்டுக்கு 2,000. லாரி கொட்டகை வரை போகுமா? போகாது, பக்கவாட்டுச் சந்து ஆறடிதான். அப்போ கான்கிரீட்டைக் குழாயில் தள்ளுகிற பம்ப் வேண்டும். இருபது கன மீட்டர் வரைக்கும் எவ்வளவு போட்டாலும் பம்புக்கு 15,000, அது தனி. எல்லாவற்றின் தலையிலும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதுவும் தனி.

கூட்டினேன். 69,148.

மாமா ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னார். "கன மீட்டர் எவ்ளோன்னான்?"

"அஞ்சாயிரத்து இருநூறு."

"இப்ப எவ்ளோ வருது?"

எட்டால் வகுத்தேன். 8,643 ரூபாய் சில்லறை.

அந்தச் சமயம் பார்த்து மேஸ்திரி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார். அது போதும், மாமாவே பேச ஆரம்பித்துவிட்டார். மேஸ்திரி கணக்கு எளிமையானது: ஐம்பது மூட்டை சிமென்ட், கொஞ்சம் எம்-சாண்ட், முக்கால் அங்குல ஜல்லி, மிஷின் வாடகை, ஆள் கூலி, எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துச் சொச்சம். இதில் எனக்கு ஓர் உறுத்தல். எட்டு கன மீட்டருக்கு ஐம்பது மூட்டை என்பது சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு. அது எம்-15. லாரிக்காரர் சொன்னது எம்-20. அதைக் கையால் கலக்கினால் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று, கன மீட்டருக்கு எட்டு மூட்டை, மொத்தம் அறுபத்து நாலு. ஒப்பிட்டால் ஒரே சரக்கை ஒப்பிட வேண்டாமா?

"எம்மெல்லாம் என்னா சார்" என்றார் மேஸ்திரி. "நான் போட்ட தரை முப்பது வருஷமா இருக்குது." இருக்கும்தான். ஆனால் இவர் ஆட்கள் அளப்பது பாண்டு என்கிற இரும்புச் சட்டிக் கணக்கில். காலையில் ஒரு மூட்டைக்கு இத்தனை பாண்டு மணல், இத்தனை பாண்டு ஜல்லி என்று கச்சிதமாக விழும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மணல் பாண்டு குவியலாகவும் தண்ணீர் தாராளமாகவும் போகும். இதை நான் சொல்லவில்லை, மேஸ்திரி வெளியே போனதும் மாமாவே சொன்னார்.

ஆக மாமாவுக்கு லாரிக் கான்கிரீட்டும் வேண்டும், கைக்கலவை விலையும் வேண்டும். என்னிடமிருந்து காகிதத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். பம்பும் பாதி லோடும் அவற்றின் வரியும் மட்டும் சேர்ந்து 20,060 ரூபாய். "இதுல ஒரு ஜல்லிகூட இல்லடா" என்றார். அதன் பிறகு அவர் விரல் முழுக்க அந்த இருபதாயிரத்தின் மேலேயே இருந்தது.

முதலில் ரெண்டாவது லாரியை ஒழித்தார். கொட்டகையின் ஒரு பக்கம் நெடுகத் தீவனத் தொட்டி வருகிறது. அந்த நாலடிப் பட்டையை மேஸ்திரியே கைக்கலவையில் போட்டுக்கொள்ளட்டும். பாக்கி நாற்பதுக்குப் பதினாறு. கணக்குப் போட்டால் ஆறே ஆறு கன மீட்டர், கூட ஒரு துளி. ஒரே லாரி! பள்ளிக்கூடத்தில் கணக்கில் தேறாத மனிதர், நான் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருந்தபோது, வைக்கோல் போடுகிற இடத்தை நினைத்துக்கொண்டே இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்தது பம்ப். பக்கத்து மனை காலி. அதன் வழியாக லாரி பின்னாலேயே வந்தால் கொட்டகைக்கு இருபதடி வரைக்கும் நெருங்கலாம், அங்கிருந்து தள்ளுவண்டி. மனைக்காரர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். "தாராளமா வுடுங்க. எங்க வீட்டு வாசப்படி பேந்து கெடக்கு, ரெண்டு பாண்டு மட்டும் குடுத்துருங்க" என்றார். இவ்வளவு மலிவான சுங்கச்சாவடி சென்னையில் வேறெங்கும் கிடையாது என்று மாமா பூரித்துப்போனார். ஆனால் ஆறு கன மீட்டர் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல். லாரியையும் சேர்த்தால் 25 டன்னைத் தொடும். மனையோ மழைக்கு ஊறிய மண். எனவே ஒரு லோடு ரப்பிஷ், அதாவது இடித்த கட்டடக் கழிவு, வாங்கிக் கொட்டி வழி போட்டோம். 3,500.

பகலில் கனரக வண்டிகளுக்கு நகரில் நேரக் கட்டுப்பாடு இருப்பதால் ராத்திரி பத்தரைக்கு வருவதாகச் சொன்னார்கள். பத்தரைக்கு எட்டு ஆட்கள், அவர்கள் தள்ளுவண்டிகள், கான்கிரீட்டை அதிர்த்து இறுக்குகிற ஒரு வைப்ரேட்டர், மேஸ்திரி, அத்தை போட்ட டீ எல்லாம் தயார். லாரி வரவில்லை. பதினொன்றரைக்கு ஆட்களுக்குப் பசித்தது. புரோட்டா வாங்கி வந்தோம். பன்னிரண்டு மணிக்கு மேல் தெரு முனையில் டிரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், தெருவே எழுந்துவிட்டது. கேபிள் ஒயரைக் கம்பால் தூக்கிப்பிடிக்க ஒருவர், "வரலாம் வரலாம்" என்று சொல்ல ஏழு பேர், "ஸ்டாப்பு!" என்று கத்த ஒருவர்கூட இல்லை. மனை வாசலில் இருந்த கால்வாய் மூடி ஒன்று 'டப்' என்று பிளந்தது. புது மூடிக்கு 2,800. பிளந்ததைப் பார்த்ததும் மனைக்காரர், "அது ஏற்கெனவே கொஞ்சம் கீறல்தான்" என்றார். நல்ல மனிதர். பணத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்.

டிரைவர் இறங்கியதும் சலானை நீட்டினார். அதில் என்ன கலவை, எவ்வளவு, எத்தனை மணிக்கு ஏற்றியது எல்லாம் அச்சாகியிருக்கிறது. தண்ணீர் சேர்த்த நேரத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது கணக்கு. இதில் பாதி நேரத்தை அவர் எங்கள் பகுதி ஒன்வேக்களைத் தேடிச் செலவழித்திருந்தார். முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் நின்றால் காத்திருப்புக் கட்டணம் தனி என்றும் சொன்னார். மாமா வாட்சைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

சரிவுத் தகட்டை இறக்கியதும் கான்கிரீட் கொழகொழவென்று வரும் என்று நினைத்திருந்தேன். அது சோம்பலாக, ஜல்லி ஒன்றோடொன்று உரச, கரகரவென்று இறங்கி முதல் தள்ளுவண்டியில் 'தொப்'பென்று விழுந்தது. மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை.

"கெட்டியா கீதுபா. கொஞ்சம் தண்ணி வுடு."

"வுடறேன்" என்றார் டிரைவர். "சலான்ல 'கஸ்டமர் கேட்டதால தண்ணி சேத்தோம்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்து என்றதும் மாமா இரண்டடி பின்னால் போனார். முன்பு யாருக்கோ ஜாமீன் போட்டதிலிருந்து அவருக்குப் பேனா என்றாலே ஆகாது. அன்றைக்கு எங்கள் தரையைக் காப்பாற்றியது அந்த பயம்தான். கூடுதலாக ஊற்றுகிற தண்ணீர் தள்ளுவதைச் சுலபமாக்கும், கான்கிரீட்டின் பலத்தைக் குறைத்துவிடும். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே வைப்ரேட்டரை இறக்கச் சொன்னார்.

ஒரு தள்ளுவண்டிக்கு ஒன்றரை கன அடி என்றால் நூற்று நாற்பது நடை. இதற்கு நடுவே எதிர்வீட்டுப் பாட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து, "மோட்டார் கிட்ட ஒரு பள்ளம் கண்ணு, கொஞ்சூண்டு" என்றார். ஆட்டோக்காரர் இரும்புச் சட்டியோடு நின்றார். மாமா யாரையும் கோபிக்கவில்லை. எல்லோரிடமும் "கடைசில பாத்துக்கலாம்" என்றார். கடைசியில் பார்க்க ஒன்றும் இருக்காது என்று அவருக்குத் தெரியும். மனைக்காரர் மட்டும் விவரமானவர், முதல் வண்டியிலேயே தன் ரெண்டு பாண்டை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. காத்திருப்புக்கு 750. டிரைவர் கையில் வாட்ஸப் ரசீதோடு ஒரு கேள்வியும் இருந்தது: "தகட்டையெல்லாம் எங்க சார் கழுவறது?" லாரியைக் கழுவுகிற சிமென்ட் தண்ணீர் பட்டால் செடி பட்டுப்போகும் என்று யாரோ அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். முருங்கை மரத்துக்கு முன்னால் துடைப்பத்தோடு நின்றுகொண்டார். ரப்பிஷ் வழியிலேயே கழுவச் சொன்னோம். டிரைவருக்கும் கிளீனருக்கும் பேட்டா 500, அவர்கள் பங்கு புரோட்டா தனி.

மேஸ்திரி பலகை இழுத்து முடித்துவிட்டு தரையை இழைக்கிற மணியாஸ் கட்டையைக் கையில் எடுத்தார். "வழுவழுன்னு இழைச்சுத் தரேன்ணே."

"மாடு வழுக்கி வுழவா?" என்றார் மாமா.

அது நல்ல கேள்வி. மாட்டுத் தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும், மூத்திரம் வடிகிற பக்கம் நாற்பது அடிக்கு ஓர் அடி என்கிற கணக்கில் சாய்வும் வேண்டும். சாய்வை அடிமண்ணிலேயே கொடுத்திருந்தோம். ஈரம் கொஞ்சம் இழுத்ததும் மேஸ்திரி ஒரு நீளக் கயிற்றை ரெண்டு பக்கமும் ஆள் பிடிக்கத் தரைமேல் அழுத்தி எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டார். விடியற்காலை டியூப் லைட் வெளிச்சத்தில் அந்தக் கட்டங்கள் நிஜமாகவே அழகாக இருந்தன. ஒரு மூலையில் மட்டும் மூன்று சதுர அடி கான்கிரீட் போதவில்லை. சரியாக ரெண்டு பாண்டு அளவு.

மறுநாள் மொத்தக் கணக்கு. கான்கிரீட்டுக்கு வரியோடு 36,816. ராத்திரிக் கூலி ஆளுக்கு 1,200. மேஸ்திரிக்கு 2,000, வைப்ரேட்டருக்கு ஆயிரம், டீயும் புரோட்டாவும் 1,400. தொட்டிப் பட்டைக்குக் கைக்கலவை 9,000. ரப்பிஷ், மூடி, பேட்டா, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 67,366. முதலில் கேட்ட 69,148-க்கு 1,782 குறைவு. பம்ப் வைத்திருந்தாலும் மேஸ்திரியும் நாலு ஆளும் தனியாக வேண்டியிருந்திருக்கும், ஆகவே நிஜ மிச்சம் இன்னும் அதிகம் என்று மாமா வாதாடுகிறார். வாதம் நியாயமானதுதான். "ராத்திரி முச்சூடும் முழிச்சதுக்குக் கூலி?" என்று அத்தை கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

தரை இறுகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், ஒரு வாரம் பத்து நாளைக்கு மாடு ஏறக்கூடாது. பழைய கொட்டகையைப் பிரித்தாயிற்று. எனவே ஐந்து மாடும் நேராகத் தெருவில், வாசல் வேப்பமரத்தடியில். மாநகராட்சி வண்டி எப்போது வருமோ என்று மாமா கையில் கம்போடு திண்ணையிலேயே குடியிருந்தார். குப்பை வண்டி வந்தால்கூட எழுந்து நின்றார்.

நேற்று கூரை ஷீட் போடுகிறவர் வந்திருந்தார். சதுர அடிக்கு விலை சொல்ல வாயைத் திறந்ததும் மாமா கையமர்த்தி, என்னைப் பார்த்து, "மாப்ளே, எழுதிக்கோ" என்றார். பிறகு அவரிடம் திரும்பி, "ஸ்க்ரூ தனியா? வாஷர் தனியா? ஏத்துக்கூலி தனியா? ஏணி உன்னுதா, என்னுதா?"