கலிபோர்னியா ரியல் எஸ்டேட் லைசன்ஸ் எக்ஸாம்: எதுல டைம் போடணும், எதை லேசா விட்டுடலாம்

பே ஏரியால நம்ம தமிழ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்தாலே இப்பல்லாம் இந்தப் பேச்சு வந்துடுது, ஏஜென்ட் லைசன்ஸ் எடுக்கலாமா, எக்ஸாம் ரொம்ப கஷ்டமான்னு. நான் எழுதி பாஸாகி இப்ப வேலையும் பாக்குறேன், அதனால தெரிஞ்சத சொல்றேன். இது கலிபோர்னியாவுக்கு மட்டும்தாங்க, டெக்சாஸ்ல 180 மணி நேரம் கோர்ஸ், ஃப்ளோரிடால 63 மணி நேரம்னு ஸ்டேட்டுக்கு ஸ்டேட் கதை வேற.

இங்க எக்ஸாமுக்கு முன்னாடி மூணு கோர்ஸ், ஒவ்வொண்ணும் 45 மணி நேரம். பிரின்சிபிள்ஸும் (அடிப்படை) பிராக்டிஸும் (தொழில் நடைமுறை) கட்டாயம், மூணாவது நம்ம இஷ்டம், நான் ஃபைனான்ஸ் எடுக்கச் சொல்வேன், பின்னாடி லோன் ஆபீசர் பேசுறது புரியும். ஆன்லைன்ல படிச்சாலும் ஒரு கோர்ஸை ரெண்டரை வாரத்துக்குள்ள முடிக்க விடமாட்டாங்க, அதனால "பத்தே நாள்ல எல்லாம் ஓவர்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

எக்ஸாம் 150 கேள்வி, மூணு மணி நேரம், 70% வேணும், அதாவது 105 சரியா இருந்தா போதும். எல்லாம் சாய்ஸ் டைப்தான். பாஸானா மார்க் எவ்வளவுன்னு சொல்லமாட்டாங்க, ஃபெயிலானாதான் எந்த ஏரியால எவ்வளவுன்னு காட்டுவாங்க (நம்ம வீட்ல மார்க் கேக்குறவங்களுக்கு பதில் சொல்ல முடியாது, அதுவும் நல்லதுதான்).

நம்மாளுங்க பொதுவா கணக்குலதான் உக்காந்துடுறாங்க. கணக்கு கொஞ்சம்தான் வரும். பிராக்டிஸும் டிஸ்க்ளோஷரும் (வீட்டைப் பத்தி வாங்குறவர்கிட்ட சொல்லவேண்டிய விவரம்) மட்டும் 25%, ஏஜென்சி (ஏஜென்ட்டுக்கு கிளையன்ட்கிட்ட இருக்குற கடமை) 17%, ரெண்டும் சேர்ந்தா பாதிக்கு கொஞ்சம் கம்மி. இங்கதான் டைம் போடணும். வீட்டுக்குள்ள யாராவது இறந்திருந்தா சொல்லணுமா? மூணு வருஷத்துக்குள்ளன்னா சொல்லணும், ஆனா இறந்தவருக்கு எய்ட்ஸ் இருந்துச்சுன்னு நாமளா போய் சொல்லத் தேவையில்ல, அதே சமயம் பையர் நேரா கேட்டா பொய் சொல்லவும் கூடாது. இந்த மாதிரி நுணுக்கத்துலதான் கேள்வி வரும்.

ஃபேர் ஹவுசிங் (வீட்டு விஷயத்துல பாகுபாடு கூடாதுங்கிற சட்டம்) பகுதியை மனப்பாடம் பண்ணாதீங்க, நெஜ ஆளை வெச்சு யோசிங்க. நம்ம பையர் ஒருத்தர் "இந்தப் பக்கம் நம்மாளுங்க ஜாஸ்தியா?"ன்னு சாதாரணமா கேப்பார். ஆமான்னு சொல்லி அந்த ஏரியா வீடா பாத்துக் காட்டினா அது ஸ்டீரிங் (இனம், மதம் பாத்து ஒரு ஏரியா பக்கம் தள்ளி விடுறது), 1968 ஃபேர் ஹவுசிங் ஆக்ட்படி தப்பு, நாம நல்ல மனசோட சொன்னோம்ங்கிறது எடுபடாது. கிழக்கு பாத்த வாசல் வேணும்னு கேட்டா தாராளமா தேடிக் குடுக்கலாம், அது வீட்டைப் பத்தினது, அக்கம்பக்கத்து மனுசங்களைப் பத்தினது இல்ல.

கணக்குல ஒண்ணு மட்டும் சொல்றேன். டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் (வீடு கை மாறும்போது கட்டுற வரி), ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர். எட்டு லட்சம் டாலர் வீடு, பையர் பழைய லோன் மூணு லட்சத்தை அப்படியே ஏத்துக்குறார்னு கேள்வி இருக்கும். எட்டு லட்சத்துக்குப் போட்டா 880 வரும், அந்த 880யும் சாய்ஸ்ல உக்காந்திருக்கும். ஏத்துக்கிட்ட லோனை கழிச்சுட்டு அஞ்சு லட்சத்துக்குப் போடணும், விடை 550. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஒரு செக்‌ஷன் (நில அளவைல ஒரு சதுர மைல்) 640 ஏக்கர், இது ரெண்டும் தூக்கத்துல கேட்டாலும் வரணும்.

பழைய புக் வாங்காதீங்க. 2024 ஆகஸ்ட்லேர்ந்து வீடு சுத்திக் காட்டுறதுக்கு முன்னாடியே பையர்கிட்ட எழுத்துல அக்ரிமென்ட் வாங்கணும்னு ஆயிடுச்சு, பழைய எடிஷன்ல அது இருக்காது.

பாஸானதும் உடனே காசு வராது. ஒரு புரோக்கர் கீழ சேரணும், கமிஷன் அவர் மூலமாத்தான் வரும், எம்எல்எஸ் (விக்கிற வீடுகளோட லிஸ்ட் இருக்குற ஏஜென்ட் டேட்டாபேஸ்), அசோசியேஷன் ஃபீஸ்னு முதல்ல நம்ம பைலேர்ந்துதான் போகும், அதனால கொஞ்ச மாசத்துக்கு சேவிங்ஸ் வெச்சுக்கோங்க. அப்புறம் எச்1பி வேலை விசால இருக்குறவங்க அடிக்கடி கேக்குறது, சைடுல பண்ணலாமான்னு. எக்ஸாம் எழுதலாம், கமிஷன் வாங்கி வேலை பாக்க முடியாது. எச்4 (எச்1பி குடும்பத்தாரோட விசா)ன்னா இஏடி (வேலை பாக்குற பெர்மிட்) கையில இருக்கணும்.